பன்னிரண்டு புள்ளி பத்து

இன்று காலை கடை திறந்ததும் ஒரு பெண் வந்தார். மாட்டுக் கொட்டகைக்கு ஷீட் வேண்டுமாம். செல்போனை நீட்டினார். அதில் "10.10, ஆறு ஷீட்" என்று இருந்தது. நான் கால்குலேட்டர் மெஷினை இழுத்து 10.10 என்று தட்டிப் பெருக்கல் குறியை அழுத்தினேன். இத்தனைக்குப் பிறகும் இந்தக் கை மட்டும் திருந்தவில்லை பாருங்கள். அழுத்தியதும் கடைசி சைபர் காணாமல் போனது. 10.1 என்று நின்றது. மெஷினைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

"ஏனுங்க பாய், கணக்கு வரலீங்களா?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"வருதுங்க. எத்தன அடி, எத்தன அங்குலம்னு வாயால ஒருக்காச் சொல்லுங்க."

"பத்து அடி, பத்து அங்குலமுங்க."

எழுத்தால் எழுதிக்கொண்டேன். அவர் போனபிறகு உங்களுக்கு இதை எழுத உட்கார்ந்தேன். நீங்கள் போய் நாலு மாதம் ஆகிறது. மலைக்குத் தபால் போகும், நீங்கள் இருக்கிற இடத்துக்குப் போகாது என்று தெரியாத ஆள் இல்லை நான். ஆனாலும் உங்களிடம் சொல்ல வேண்டியதை நான் சொல்லவே இல்லை. மற்ற எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு சித்திரையில்தான் நீங்கள் முதன்முதலாக என் கடைப்படி ஏறினீர்கள். தோளில் ஒரு கயிற்றுச் சுருள். இரண்டு நுனியிலும் முடிச்சு. அதைக் கல்லாமேல் வைத்து, "இந்த நீளத்துக்கு எட்டு கலர் ஷீட் வேணுங்க பாய்" என்றீர்கள். மலைமேல் குண்டனி நாட்டில் உங்கள் வீட்டுப் புல்கூரையைப் பிரித்துவிட்டு ஷீட் போடப் போகிறீர்கள், மழைக்குள் முடிக்க வேண்டும் என்றீர்கள். மேல்சட்டத்தில் ஒரு முடிச்சை வைத்து, சுவரைத் தாண்டித் தண்ணீர் விழ வேண்டிய இடம் வரைக்கும் இழுத்து அடுத்த முடிச்சைப் போட்டீர்களாம். உங்கள் ஊரில் எல்லாக் கூரைக்கும், எல்லா ஆட்டுப்பட்டிக்கும் அளவு பிடிக்கிறவர் நீங்கள்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நான் சிரித்தேன். கடையில் நாலு பேர் நின்றால் எனக்கு நாக்கு கொஞ்சம் நீளும்.

"கயித்த வெச்சுட்டு நான் என்னங்க பண்றது, மாடு கட்டறதா? சேலத்து ஃபேக்டரிக்காரன் கயித்துக்கெல்லாம் வெட்ட மாட்டான். டேப்புல அளந்து நம்பராக் கொண்டாங்க. அடிய எழுதி, ஒரு புள்ளி வெச்சு, அங்குலத்த எழுதுங்க. முடிஞ்சு போச்சு."

அந்த நாலு பேரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்துக்கொண்டே கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டீர்கள். புள்ளி வைத்து எழுதச் சொன்னவன் நான். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும், எழுதுகிற நானும்தான்.

எங்கள் கடைவீதியில் அப்படித்தான் வழக்கம். ஆசாரி, கொத்தனார், வெல்டிங் பட்டறைக்காரர், நான், எல்லோரும் ஐந்தரை அடியை 5.6 என்று எழுதுவோம். ஐந்து அடி ஆறு அங்குலம். கணக்கு வாத்தியார் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் எந்தக் கணக்கு வாத்தியாரும் எங்களிடம் கதவு செய்யக் கொடுத்துவிட்டு நோட்டைத் திருத்தியதில்லை.

அடுத்த வாரம் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தீர்கள். மூன்றாம் வகுப்போடு நின்றவரின் பெரிய பெரிய எழுத்து. 12.10. கீழே 8. பன்னிரண்டு அடி பத்து அங்குலத்தில் எட்டு ஷீட். நான் மெஷினில் 12.10 தட்டினேன், பெருக்கல் குறியை அழுத்தினேன், எட்டைத் தட்டினேன். மெஷினில் தெரிந்ததை அப்படியே பார்த்து ஆர்டர் சீட்டில் எழுதினேன்: 12.1 x 8 = 96.8. உங்கள் தாளைக் கம்பியில் குத்திவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

ஃபேக்டரிக்காரன் பன்னிரண்டு அடி ஒரு அங்குலத்துக்கு வெட்டி அனுப்பினான். எட்டு ஷீட்டிலும் ஒன்பது அங்குலம் குறைவு.

டெம்போ மலையேறிய மூன்றாம் நாள் முதல் பஸ்ஸுக்கே இறங்கி வந்தீர்கள். "ஷீட்டு செவுத்தத் தாண்ட மாட்டேங்குதுங்க பாய். மழ பேஞ்சா மண்ணு செவுரு நேரா நனையுமுங்க" என்றீர்கள். குரலை உயர்த்தவில்லை. அன்றைக்கும் கடையில் ஆள் இருந்தது. நான் உங்கள் தாளையும் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

"இது நீங்க எழுதுனது, பன்னண்டு புள்ளி பத்து. இது நான் எழுதுனது, பன்னண்டு புள்ளி ஒண்ணு. புள்ளிக்குப் பொறவு கடைசியில வர்ற சைபருக்கு மதிப்புக் கிடையாதுங்க. பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்திருப்பாங்களே? ரெண்டும் ஒண்ணுதான். நீங்க அளந்ததுதான் தப்பு."

பத்தாவதில் கணக்கில் மூன்று தடவை விழுந்தவன் நான். எனக்குள் மிச்சமிருந்த ஒரே விதி அதுதான். அதைத் தூக்கி உங்கள் தலையில் போட்டேன். சத்தியமாக அன்றைக்கு நான் வேண்டுமென்றே செய்யவில்லை. விதி சரி என்றுதான் நம்பினேன். விதியும் சரிதான். நாம் எழுதியதுதான் விதிக்குள் வராத எழுத்து.

நீங்கள் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தீர்கள். "கயித்துல சரியாத்தானுங்க இருந்துச்சு. எழுதறப்பத்தான் எங்கியோ உட்டுட்டேன் போலிருக்குது" என்றீர்கள். படியிறங்கிப் போய்விட்டீர்கள். வெட்டிய ஷீட்டைத் திருப்பி எடுக்க ஃபேக்டரியில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று பின்னாலிருந்து கத்தினேன். அதற்கும் தலையாட்டினீர்கள்.

பழைய தகரத்தை வெட்டி ஒட்டுப் போட்டுச் சமாளித்தீர்கள். ஊருக்குள் முதலில் யார் ஆரம்பித்தார்களோ தெரியாது, ஒன்பது அங்குலம் என்றால் முக்கால் அடி, அதனால் "முக்காலடியார்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். பஸ்ஸில் கண்டக்டர் வரைக்கும் அந்தப் பெயர் இறங்கி வந்தது. "முக்காலடியாரே, உள்ள தள்ளுங்க." நீங்களும் தள்ளி நின்றீர்கள். உங்கள் மனைவி, எனக்குத் தங்கச்சி முறை, அது மட்டும் அதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒட்டின் வழியாகக் காற்று மழையை உள்ளே தள்ளும் போதெல்லாம் உங்களைத் திட்டிப் பேசும். "ஊருக்கெல்லாம் அளந்த மனுசனுக்குச் சொந்த ஊட்ட அளக்கத் தெரியலியே" என்று பேசும் என நீங்களே ஒரு நாள் என்னிடம் சொன்னீர்கள்.

வேறு யாராக இருந்தாலும் என் கடைப்பக்கம் திரும்பியிருக்க மாட்டார்கள். நீங்கள் அந்த ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தீர்கள். நான் ஜும்ஆ தொழுகை முடித்துவந்து பாதி ஷட்டரைத் தூக்கி உள்ளே உட்கார்ந்திருந்தேன். மூன்று மணிக்குத்தான் கடை. நீங்கள் காலையில் மிளகை மண்டியில் போட்டுவிட்டு மதியப் பஸ்ஸுக்குக் காத்திருந்தீர்கள்.

"ஏனுங்க பாய், இந்தப் புள்ளிக் கணக்க எனக்குச் சொல்லிக் குடுப்பீங்களா? புள்ளி வெக்கத் தெரியாமத்தான இவ்வளவு கேவலமாயிருச்சு."

எனக்குத் தெரியாது என்று சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. மகளின் பழைய கணக்குப் புத்தகத்தை எடுத்து வந்து, நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துப்போட்டு, வாத்தியார் மாதிரி உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் குட்டு வெளிப்பட்டுவிட்டது. "பாய், உங்களுக்கும் தெரியாதுங்களா?" என்று கேட்டுவிட்டு நீங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே பெஞ்சு மாணவர்கள்தான். எனக்கு நாற்பது. உங்களுக்கு முப்பத்தொன்பதோ நாற்பத்தொன்றோ, அது உங்கள் அம்மாவுக்கே தெரியாது என்பீர்கள்.

புத்தகத்தில் ஒரு சதுரத்தைப் பத்துப் பட்டையாகப் பிரித்து ஒன்றுக்கு மட்டும் வண்ணம் தீட்டியிருந்தது. அது 0.1. அதே சதுரத்தை நூறு கட்டமாக்கிப் பத்துக் கட்டத்துக்கு வண்ணம். அது 0.10. இரண்டும் ஒரே அளவு. "பாத்தீங்களா, நான் அன்னைக்கே சொன்னேன்ல, கடைசி சைபருக்கு மதிப்பில்லைன்னு" என்று பெருமையாகப் பார்த்தேன். நீங்கள் அந்தப் பக்கத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அடுத்த வெள்ளிக்கு ஒரு கேள்வியோடு வந்தீர்கள். "5.9 பெருசுங்களா, 5.10 பெருசுங்களா?"

"5.10" என்றேன். டேப்பில் அப்படித்தான்.

"புஸ்தகம் 5.9ங்குதுங்க."

அரை மணி நேரம் புத்தகத்தைத் திட்டினேன். அச்சடித்தவனைத் திட்டினேன். இந்தக் காலத்துப் பாடமே இப்படித்தான் என்றேன். நீங்கள் பொறுமையாக டேப்பை இழுத்து வைத்து, ஒரு அடிக்குள் இருக்கும் கோடுகளை விரலால் எண்ணினீர்கள். "புஸ்தகத்துல அடியப் பத்தாப் பிரிச்சிருக்காங்க பாய். நம்ம டேப்புல பன்னண்டாப் பிரிச்சிருக்கு. புள்ளிக்கு அந்தப் பக்கம் நிக்கிறது ரெண்டும் வேற வேற சாதிங்க." எனக்கு அப்போதுதான் மண்டையில் ஏறியது. மூன்று பரீட்சையிலும் ஏறாதது.

பிறகு அங்குலத்தை நிஜமான புள்ளிக்கு மாற்றக் கற்றோம். அங்குலத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் வந்துவிடும். ஆறு அங்குலம் 0.5. மூன்று அங்குலம் 0.25. ஒன்பது அங்குலம் 0.75. உதாரணத்துக்கு எங்கும் போகவில்லை, உங்கள் கூரை இருந்தது. எட்டு ஷீட்டும் சேர்ந்து மூடுவது இருபத்தாறு அடி. குறைந்தது முக்கால் அடி. இருபத்தாறை 0.75ஆல் பெருக்கினால் ஓட்டையின் பரப்பு பத்தொன்பதரைச் சதுர அடி. ஒட்டு, ஷீட்டுக்கு அடியில் அரை அடி ஏறி நிற்க வேண்டும் என்றால் அகலம் 0.75 கூட்டல் 0.50, 1.25 அடி. உங்கள் வீட்டு ஓட்டையை வைத்து நான் பெருக்கல் படித்தேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்.

பத்து அங்குலத்துக்கு வந்தபோதுதான் அது நடந்தது. பத்தைப் பன்னிரண்டால் வகுத்தீர்கள். 0.8, பிறகு மூன்று, பிறகு மூன்று, பிறகும் மூன்று. "முடியவே மாட்டேங்குதுங்களே பாய்" என்றீர்கள். "போதும், 12.83ன்னு எழுதுங்க" என்றேன். எழுதினீர்கள். அதன் கீழே 12.1 என்று எழுதினீர்கள். கழித்தீர்கள். 0.73 வந்தது. கிட்டத்தட்ட முக்கால் அடி. பேனாவை அதன்மேல் வைத்தபடி என்னைப் பார்த்தீர்கள்.

"நான் 12.10ன்னு எழுதுனனுங்க. அந்தச் சைபர் எங்கீங்க போச்சு?"

எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த நொடியில் மெஷின், பெருக்கல் குறி, சீட்டு எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? உங்களுக்குத் தெரியும்.

"டீ ஆறுதுங்க" என்றேன்.

நீங்கள் டீயைக் குடித்தீர்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனீர்கள். அடுத்த வாரம் நீங்கள் வர மாட்டீர்கள் என்று நினைத்தேன். வந்தால் சொல்லிவிடலாம் என்றும் நினைத்தேன். வந்தீர்கள். வட்டப் பாடம் ஆரம்பிக்கலாமா என்று கேட்டீர்கள். நான் அந்தப் பக்கத்தைத் திருப்பினேன்.

ஒன்று மட்டும் மாறியது. அதற்குப் பிறகு எந்த விடையில் கடைசியில் சைபர் வந்தாலும் அதைச் சுற்றி ஒரு சின்ன வட்டம் போடுவீர்கள். "மதிப்பில்லாத சைபருதானுங்க. இருந்தாலும் அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டும்" என்பீர்கள், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். அந்த நோட்டு இன்னும் கல்லாப் பெட்டிக்கு அடியில் இருக்கிறது. பதினேழு வட்டம். எண்ணிப் பார்த்தேன். பதினேழு தடவை எனக்கு வாய்ப்புக் கொடுத்திருக்கிறீர்கள்.

வட்டப் பாடம் உங்களுக்கு வெல்லம் மாதிரி. மிளகுக் கொடி ஏற்றிய சில்வர் ஓக் மரத்தைக் கயிற்றால் சுற்றி அளந்து, 3.14ஆல் வகுத்துவிட்டு வருவீர்கள். "சுத்தளவு நாப்பத்தி நாலு அங்குலம், குறுக்களவு பதினாலு. மரத்த வெட்டாமயே உள்ளாற எவ்வளவுன்னு சொல்லிப்போட்டேனுங்க" என்று நீங்கள் சொன்ன அன்று, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் இப்படி அளக்கிற மனிதருக்கு நான் வாங்கிக் கொடுத்த பெயர் முக்காலடியார்.

களம் போட்ட நாளைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. மிளகும் சாமையும் காய வைக்க உங்கள் ஊரில் பொதுக்களம் ஒன்று சிமெண்டில் போட முடிவானது. நாற்பதுக்கு முப்பது அடி. சிமெண்ட் என் கடையிலிருந்து. லாரியோடு நானே வந்திருந்தேன். முன்பெல்லாம் முளை அடிக்கிற வேலை உங்களுடையது. அன்றைக்கு வேறு யாரோ டேப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் ஓரமாக நின்றீர்கள். "முக்காலடியாரு கையில டேப்பக் குடுத்தா களம் பக்கத்தூருக்குப் போயிரும்" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

நீங்கள் நாலைந்து மாட்டுக் கயிற்றை அவிழ்த்துவந்து ஒன்றோடொன்று முடிந்தீர்கள். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு இழுத்து முடிச்சுப் போட்டீர்கள். அதையே மற்ற மூலைகளுக்குக் கொண்டுபோய் இழுத்தீர்கள். இரண்டடிக் கயிறு மிச்சமாகத் தொங்கியது. "நாலு பக்கமும் அளவு சரிதானுங்க. ஆனா மூலைக்கு மூலை சமமா வரலீங்க. களம் சாஞ்சு நிக்குது. முளையப் புடுங்கி மறுபடி அடிக்கோணும்" என்றீர்கள். அது புத்தகத்தில் நாம் இருவரும் சேர்ந்து படித்த பாடம்தான். செவ்வகத்துக்கு மூலைவிட்டங்கள் சமம்.

யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "உன்ற ஊட்டுக் கூரைய மொதல்ல அளந்துட்டு வா" என்றார் ஒரு பெரியவர். நீங்கள் என் பக்கம் திரும்பி, "வேணும்னா பாய்கிட்டக் கேளுங்க" என்றீர்கள்.

அவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை போதும். இவர் சொல்வது சரி, கூரையிலும் இவர் அளந்தது சரி, தப்பு என்னுடையது. இவ்வளவுதான். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். "எனக்குக் கடைக்கு நேரமாச்சுங்க, வண்டி எறங்கோணும்" என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறிக்கொண்டேன். மலையிறங்குகிற அத்தனை வளைவிலும் என்னை நானே திட்டிக்கொண்டேன். திட்டுவதில் நான் கெட்டிக்காரன், யாருக்கும் பிரயோசனமில்லாமல்.

களம் இன்றைக்கும் சாய்ந்துதான் இருக்கிறது. நீங்கள் அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தீர்கள். அதற்குப் பிறகு எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் வந்தீர்கள். கணக்கு முடிந்துபோய் வெறும் பேச்சான பிறகும் வந்தீர்கள். என் மகள் கல்யாணத்துக்கு ஒரு மூட்டை மரவள்ளிக் கிழங்கோடு வந்து நின்றீர்கள். என் வாப்பா மவுத்தாகி அடக்கம் செய்த நாளில் முதல் பஸ்ஸில் வந்து கடைசி வரைக்கும் வெளியிலேயே நின்றுகொண்டிருந்தீர்கள். பன்னிரண்டு வருடமும் அந்தப் பெயர் உங்கள்மேல் இருந்தது. பன்னிரண்டு வருடமும் நான் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

நாலு மாதத்துக்கு முன் ஒரு சாயங்காலம் ஆம்புலன்ஸ் ஒன்று எங்கள் காளப்பநாயக்கன்பட்டிக்குள் சத்தம் போட்டுக்கொண்டு என் கடையைத் தாண்டிப் போனது. பைப்புக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். வண்டிகளை ஓரம் கட்டச் சொல்லி வாடிக்கையாளரிடம் கையைக் காட்டினேன், அவ்வளவுதான். அதற்குள் நீங்கள் இருந்தது மறுநாள் கண்டக்டர் சொல்லித்தான் தெரியும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். மலையிறங்கும்போதே முடிந்துவிட்டதாம்.

கருமாதிக்கு வந்தேன். சாப்பாடு முடிந்து ஆட்கள் உங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர், பாவம் பிரியத்தோடுதான், "முக்காலடியாரு இல்லாம பஸ்ஸே வெறிச்சுனு கெடக்குதுங்க" என்றார். நான் எழுந்து நின்றேன். எதற்கு எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

"அந்தப் பேரு அவருக்குச் சேர்ந்தது இல்லீங்க. அவரு பன்னண்டு அடி பத்து அங்குலம்னு சரியாத்தான் அளந்தாரு, சரியாத்தான் எழுதிக் குடுத்தாரு. மெஷின்ல சைபர் உட்டுப்போச்சு, நான் பாக்காம பன்னண்டு அடி ஒரு அங்குலத்துக்கு ஆர்டர் போட்டுட்டேன். தப்பு என்னுது. அந்த வருசமே எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். நான் வாயத் தொறக்கல, அவரும் தொறக்கல."

களத்தன்று உங்களைக் கூரையை அளந்துவிட்டு வரச் சொன்ன அந்தப் பெரியவர், "போனது போச்சுங்க, உடுங்க பாய்" என்றார். அது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்திருக்கும். ஆனால் தங்கச்சி நிலைப்படியில் நின்றிருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டது.

"ஏனுங்ணா, பன்னண்டு வருசமா மழ பேயறப்பல்லாம் நான் அவரத்தானுங்க பேசுனேன். ஒரு தடவகூட அவரு எனக்கு மறுவார்த்த சொல்லல. நான் பேசுனதயெல்லாம் இப்ப எங்கீங்க போயித் திருப்பி எடுக்கறது?"

உங்கள் பெயர் கெட்டதுதான் என் தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் வீட்டுக்குள் அது தினம் தினம் என்ன செய்தது என்பதை நான் எண்ணவே இல்லை. அழுதேன். சொல்ல வெட்கமில்லை.

போன மாதம் எட்டு ஷீட் ஆர்டர் போட்டேன். "பன்னிரண்டு அடி, பத்து அங்குலம்" என்று எழுத்தாலேயே எழுதி, ஃபோனிலும் இரண்டு தடவை சொன்னேன். டெம்போவில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து நானே வந்தேன். தங்கச்சி வாசலுக்கு வந்து வண்டியைப் பார்த்தது. வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. இறக்குவதற்கு ஆட்கள் கை வைத்தபோது, "இருங்க, எறக்காதீங்க" என்று உள்ளே போனது. சட்டத்தில் மாட்டியிருந்த உங்கள் கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தது. அது இன்னும் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது.

"அவரு அளந்ததுக்குச் சரியா இருந்தா எறக்குங்க" என்றது.

ஒரு முடிச்சை என் கையில் கொடுத்தது. ஷீட்டின் ஒரு விளிம்பில் நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அது கயிற்றைப் பிடித்தபடி மறு விளிம்புக்கு நடந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள், களத்தில் இருந்தவர்கள் எல்லோரும் வந்து நின்றுவிட்டார்கள். நான் பரீட்சைத் தாளைத் திருப்பி வாங்குகிற பையன் மாதிரி நின்றேன். தங்கச்சி கயிற்றை இழுத்தது, முடிச்சை விளிம்பில் வைத்தது, குனிந்து பார்த்தது. முடிச்சு விளிம்பிலேயே உட்கார்ந்தது.

தங்கச்சி என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. நின்றிருந்த ஊரைப் பார்த்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னது.

"பாருங்க. எங்கூட்டுக்காரரு சரியாத்தான் அளந்திருக்காரு."

கழற்றிய ஒட்டுத் தகரத்தில் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். டேப்பை வைத்துப் பார்த்தேன். அகலம், இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும், நோட்டில் போட்ட அதே 1.25 அடி, ஒரு நூல் அங்கே இங்கே இல்லை. அதைப் பெயிண்ட் அடித்துக் கடை வாசலில் மாட்டியிருக்கிறேன். "அடி தனியாக, அங்குலம் தனியாக எழுதவும். புள்ளி வேண்டாம்." எழுத்து கொஞ்சம் கோணல்தான். நீங்கள் இருந்தால் மூலைக்கு மூலை அளந்திருப்பீர்கள்.

இன்று காலை வந்த அந்தப் பெண் போகிறபோது அதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க பாய், புள்ளி வெச்சா என்னங்க ஆவும்?" என்று கேட்டார். கடையில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். உங்களைப் பற்றிச் சொன்னேன். கயிற்றிலிருந்து ஆரம்பித்து, சைபர், டீ, களம், எதையும் விடாமல், தப்பு என்னுடையது என்பது வரைக்கும் சொன்னேன். மணியைப் பார்த்தேன். மொத்தம் நாலு நிமிடம்கூட ஆகவில்லை.